சந்தியாகு போய்ச் சேர்ந்தான்

சேசு மரி சூசை துணை

பாசிமுனை,
சாயல்குடி வழி,
2-8-1958

அன்புள்ள மகன் சந்தியாகுவுக்கு அய்யா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் உன் தங்கை ரீத்தம்மாவும் சர்வேசுரன் கிருபையில் நன்றாக இருக்கிறோம், எனக்கும் அம்மாவுக்கும் காலில் மட்டும் வீக்கம், அது எதனால் வந்தது என்று சொல்லத்தான் இவ்வளவு காகிதம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் சுகத்தை உன் கையெழுத்திலேயே பார்த்துவிட்டேன், இருந்தாலும் கேட்கிற முறையை விடக் கூடாது, சுகமாக இருக்கிறாயா? உன் கடிதம் முந்தாநாள் வியாழக்கிழமை வந்தது. ஜூன் மாதம் இரண்டு கடிதம் போட்டதாக எழுதியிருக்கிறாய், அவை எங்கே போய் மாட்டிக்கொண்டனவோ எங்களுக்கு வரவில்லை, இதுவே ஜூலை பத்தாம் தேதி போட்டது இருபது நாள் கழித்து, யாரோ பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டிய உறையோடு வந்திருக்கிறது. நீ கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறை வந்து இறங்கியதும், யாழ்ப்பாணத்தில் வேலை கிடைத்ததும், சவேரியம்மாள் மகனும் பின்னாலேயே வந்து இப்போது இரண்டு பேரும் ஒரே அறையில் இருப்பதும் எல்லாம் அறிந்தோம். நான் மூன்று தடவை சத்தமாகப் படித்தேன். மூன்றாவது தடவை சவேரியம்மாளும் வந்து உட்கார்ந்து கேட்டாள். அம்மா கடிதத்தை வாங்கிச் சந்தியாகப்பர் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டாள், இப்போது பதில் எழுதுவதற்கே அவளிடம் கெஞ்சித்தான் வாங்க வேண்டியிருந்தது.

கலவரம் என்று மே மாதக் கடைசியில் சாயல்குடிக்குப் பேப்பர் வந்த நாளிலிருந்து நாங்கள் பட்ட பாட்டை எழுதி உன்னை வருத்தப்படுத்த வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் நடந்தது தெரியாமல் போனால் மற்றது புரியாது. கொழும்பில் கடை கடையாக எரித்தார்கள், ஆட்களை நிறுத்திப் பேசச் சொல்லித் தமிழன் என்று தெரிந்தால் வெட்டினார்கள் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நம் ஊரிலிருந்து கொழும்பில் இருந்தது நீங்கள் இரண்டு பேர்தான், இரண்டு பேரும் கீழக்கரை சதக்கத்துல்லா முதலாளி கடையில், இரண்டு பேருக்கும் ஒரே பெயர். நம் ஊரில் தலைப்பிள்ளை ஆண் என்றால் யோசிக்காமல் சந்தியாகு என்று பெயர் வைத்துவிடுகிறோம், இன்றைக்கு எண்ணிப் பார்த்தால் பதினொரு சந்தியாகு இருக்கிறார்கள், கோயிலில் ஞானஸ்நானப் புத்தகம் எழுதுகிற உபதேசியாருக்கே சலித்துப் போயிருக்கும். இந்த வழக்கம் எங்களை எப்படிப் படுத்திவைத்தது என்பதைக் கேள்.

ஜூன் முழுவதும் போய் ஜூலையும் பிறந்து ஒரு வரி வரவில்லை. உன் அம்மா ஒரு நாள் கோயிலிலிருந்து வந்து, தங்கச்சிமடம் வேர்க்காட்டுச் சந்தியாகப்பருக்கு நேர்ச்சை நேர்ந்துவிட்டேன், திருநாளுக்கு நடந்தே போக வேண்டும் என்றாள். போய்வா என்றேன். நான் மட்டும் இல்ல, ஒங்க காலையும் சேத்துத்தான் நேந்திருக்கேன் என்றாள். என் காலை என்னைக் கேட்காமல் நேர்வதற்கு இவளுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று எனக்கு வந்த கோபம் கொஞ்சம் அல்ல. உனக்குத் தெரியும், நாற்பது வருடமாக நான் பாய்மர வத்தை ஓட்டுகிற தண்டல், எனக்குக் காலால் ஆகிற வேலை வத்தையில் சுக்கானை முட்டுக்கொடுத்து மிதிப்பது ஒன்றுதான். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற இந்த மாதத்தில் பாயை விரித்தால் தங்கச்சிமடத்துக்கு ஒரு பகல் போதும், அதற்கு ஐந்து நாள் மணலில் நடப்பதா, அதுவும் அந்தச் சந்தியாகப்பர் குதிரைமேல் சொகுசாக உட்கார்ந்திருக்க நாம் மட்டும் நடப்பதா என்று கேட்டேன். பிள்ளை சுகச் செய்தி வரட்டும், வந்தபிறகு நேர்ச்சையைச் செலுத்துவதுதானே உலக வழக்கம் என்றும் கேட்டேன். அவள் என் வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டாள். அதன் பிறகு பேசி என்ன பயன்.

ஜூலை இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பதினேழு பேர் கிளம்பினோம். கொடியைப் பிடித்துக்கொண்டு உபதேசியார் முன்னால், கஞ்சிக்கலயமும் மூட்டையுமாகப் பெண்கள் பின்னால். கிளம்புகிற நேரத்தில்தான் பதினேழாவது ஆளாகச் சவேரியம்மாளும் ஒரு துணி மூட்டையோடு வந்து நின்றாள். அவளும் தன் மகனுக்காக நேர்ந்திருக்கிறாள், தனியாள், அவளுக்காக நேர்ந்துகொள்ளப் புருசன் கால்கூட இல்லை. உன் அம்மாவும் அவளும் ஒரு கோழி விஷயமாக நாலு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது உனக்கு நினைவிருக்கும். முதல் நாள் அவள் கொடிக்குப் பக்கத்திலும் அம்மா கடைசியிலும் நடந்தார்கள். இரண்டாம் நாள் ஏர்வாடிக்கு முன்னால் சவேரியம்மாள் செருப்பு அறுந்துபோனது. அம்மா ஒன்றும் பேசாமல் தன் பழைய முந்தானைத் துணியைக் கிழித்துக் கொடுத்தாள், அவள் ஒன்றும் பேசாமல் வாங்கிக் காலில் சுற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு இருவரும் ஒரே வரிசையில் நடந்தார்கள். கோழியின் பேச்சு அதோடு போயிற்று.

செவ்வாய்க்கிழமை காலையில் ஏர்வாடியிலிருந்து கீழக்கரைக்குப் போகிற வழியில் எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. அபிராமம் சந்தைக்குக் கருவாடு கொண்டுபோகிற குருநாதன். எங்களைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி இறங்கித் தலைத்துண்டை எடுத்தான். அவன் துண்டை எடுத்த விதமே எனக்குப் பிடிக்கவில்லை. கொழும்புக் கடுதாசி வந்திருக்காம் தண்டல், நேத்து கீழக்கரையில ஒங்க சதக்கத்துல்லா மொதலாளி கடையில சொன்னாக, ஒங்க ஊரு சந்தியாகு போய்ச் சேந்துட்டானாம், வீட்டுக்குச் சொல்லிருன்னாக என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எந்தச் சந்தியாகு என்று கேட்டேன். பாசிமுனை சந்தியாகுன்னுதான் சொன்னாக, எந்த வீடுன்னு நான் கேக்கல தண்டல், கேக்கத் தோணல என்றான். ஒருத்தனா ரெண்டு பேருமா என்று கேட்டேன். ஒருத்தன் பேருதான் சொன்னாக என்றான். மகனே, நம் பக்கத்தில் ஒருவன் போய்ச் சேர்ந்தான் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொடி பிடித்த உபதேசியார் கொடியைச் சாய்த்துவிட்டார். உன் அம்மாவும் சவேரியம்மாளும் அழவில்லை. யார் முதலில் அழுவது என்று தெரியாமல் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். அழுதால் செத்தது தன் பிள்ளை என்று தானே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் அல்லவா.

எப்படியும் கீழக்கரைக்குப் போனால் தெரிந்துவிடும் என்று ஓட்டமும் நடையுமாகப் போனோம். முதலாளி வீட்டில் பூட்டுத் தொங்கியது. கொழும்பிலிருந்து அவருடைய தம்பி குடும்பம் கப்பலில் வருகிறதாம், கூப்பிட்டுக்கொள்ள எல்லோரும் விடியற்காலையில் மண்டபத்துக்குப் போய்விட்டார்களாம், அங்கே மச்சான் வீட்டில் நாலு நாள் தங்குவார்களாம். பக்கத்து வீட்டில் ஹமீதா பானு என்று ஒரு அம்மா, கதவுக்குப் பின்னால் நின்றபடியே இதைச் சொல்லிவிட்டு எங்களுக்குத் தண்ணீரும் நோன்புக்கஞ்சி போலக் கெட்டியாக ஒரு கஞ்சியும் கொடுத்து அனுப்பினார்கள். கடிதத்தைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் சொன்னேன், ராமநாதபுரத்துக்கு பஸ் இருக்கிறது, அங்கிருந்து ரயில் பிடித்தால் இருட்டுவதற்குள் மண்டபம், போய்க் கேட்டுவிடலாம் என்று. உன் அம்மா, வண்டி ஏறுனா நேர்ச்சை முறிஞ்சு போகும் என்றாள். சவேரியம்மாளும் தலையை ஆட்டினாள். அவர்கள் மனத்தில் ஓடியது எனக்குப் புரிந்தது. எது நடந்ததோ அது நடந்துவிட்டது, அது எந்த வீட்டுக்கு என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை என்று இருவருமே நினைத்தார்கள், இந்த நேரத்தில் நேர்ச்சையை முறிக்கிறவள் வீட்டுக்குத்தான் அது வரும் என்று பயந்தார்கள். அப்படியானால் நான் மட்டும் போகிறேன் என்றேன். ஒங்க காலும் நேந்த காலுதான் என்றாள் அம்மா. நான் அதோடு விட்டுவிட்டேன். அவளுக்குக் கட்டுப்பட்டதாக எல்லோரும் நினைத்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், முதலில் போய்த் தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

அங்கிருந்து மண்டபம் வரைக்கும் நடந்த இரண்டு நாள் நடையைப் போல இனி ஒரு நடை எனக்கு வேண்டாம். திருப்புல்லாணியில் கோயில் தெப்பக்குளத்துப் பக்கம் உட்கார்ந்திருந்தபோது ஊர்க்காரர்கள் மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள், எந்தச் சாமிக்கு நடக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இரண்டு செம்பு கூடுதலாகவே ஊற்றினார்கள். யாரும் பாட்டுப் பாடவில்லை, மன்றாட்டு மட்டும் முணுமுணுப்பாகச் சொல்லிக்கொண்டு போனோம். காற்று முதுகைத் தள்ளிக்கொண்டே இருந்தது. உன் அம்மா தன் பங்குக் கருப்பட்டியைச் சவேரியம்மாளுக்குக் கொடுப்பாள், அவள் தன் பங்கை அம்மாவுக்குக் கொடுப்பாள், இரண்டு பேரும் தின்ன மாட்டார்கள். நான் சவேரியம்மாள் மூட்டையையும் சேர்த்து என் தலையில் வைத்துக்கொண்டேன். பெரிய நல்லவன் என்று எண்ணிவிடாதே, மேலே படி.

புதன்கிழமை மத்தியானம் உச்சிப்புளிக்குப் பக்கத்தில் ரயில் பாதையை ஒட்டி நடந்துகொண்டிருந்தபோது சவேரியம்மாள் காலில் உடைமுள் துணியையும் தாண்டி ஆழமாக ஏறிவிட்டது. வலை பின்னுகிற ஊசியை நான் எங்கே போனாலும் மடியில் வைத்திருப்பேன், அதை எடுத்து அவள் காலை என் முழங்காலில் வைத்து முள்ளைக் கிளறிக்கொண்டிருந்தேன். அப்போது மண்டபத்துக்குப் போகிற ரயில் எங்களைத் தாண்டிப் போயிற்று. அதில் ஏறியிருந்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும் என்று நினைத்தேன், நினைத்தவன் அந்த நிமிடமே சந்தியாகப்பரிடம் ஒன்று கேட்டேன். போய்ச் சேர்ந்தவன் இவள் மகனாக இருக்கட்டும் என்று கேட்டேன். அவள் கால் என் கையில் இருந்தது, ரத்தம் என் விரலில் இருந்தது, இருந்தும் கேட்டேன். சின்னப் பிள்ளையில் நம் வீட்டு முற்றத்தில் விளையாடினவன், உன்னோடு கோயிலில் முதல் நன்மை வாங்கினவன், நீச்சல்கூட நான்தான் சொல்லிக்கொடுத்தேன், அவனைக் கொடுத்துவிட்டு உன்னைக் கேட்டேன். முள் வந்துவிட்டது என்று காட்டினேன். நல்லா இருப்பீக அண்ணே என்றாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மண்டபம் போனோம். முதலாளியின் மச்சான் வீட்டைத் தேடிப் பிடித்தபோது சதக்கத்துல்லா முதலாளி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு எழுந்து, வாங்க வாங்க தண்டல், செய்தி கெடச்சுதா என்று சிரித்த முகமாகக் கேட்டார். சாவுச் செய்தி சொன்ன மனுசன் இப்படிச் சிரிக்கிறாரே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எந்தச் சந்தியாகு முதலாளி போய்ச் சேர்ந்தது என்று கேட்டேன். அவரோ, ஒருத்தன்தானே போய்ச் சேந்திருக்கான், மத்தவன் இன்னும் கடை மாடியிலதான் கெடந்தான், அவனும் இந்நேரம் போய்ச் சேந்திருப்பான், இன்ஷா அல்லாஹ், கவலப்படாதீக என்றார். அதைக் கேட்டு சவேரியம்மாள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். உபதேசியார் ஜெபமாலையைக் கையில் எடுத்துவிட்டார். உன் அம்மா மட்டும் அசையாமல் நின்று, எங்க என்று கேட்டாள். எங்கன போய்ச் சேந்தான், சொல்லுங்க என்றாள். யாழ்ப்பாணத்துக்குத்தான் தாயி, வேற எங்க, கப்பல்ல ஏத்தி அனுப்புனோமே என்றார் அவர். பிறகு நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உயிரோடயா, உயிரோடயா என்று இரண்டு தடவை கேட்டேனாம், எனக்கு அது நினைவில் இல்லை, பிறகு சொல்லித்தான் தெரியும்.

உள்ளே போய்க் கடிதத்தை எடுத்துவந்து அவரே படித்தார். ஜூன் மாதம் அவர் தம்பி எழுதியது, ஜூலையில்தான் வந்திருக்கிறது. தண்டல் மிக்கேல் மகன் சந்தியாகு கப்பலில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தான், சவேரியம்மாள் மகன் சந்தியாகு நம்மோடு கடை மாடியில் பத்திரமாக இருக்கிறான், அடுத்த கப்பலில் அவனையும் அனுப்புகிறேன், இரண்டு வீட்டுக்கும் சொல்லிவிடவும் என்று இருந்தது. குருநாதன் எப்படி எடுத்துக்கொண்டான், நாங்கள் எப்படி எடுத்துக்கொண்டோம் என்று சொன்னபோது முதலாளிக்கு முதலில் விளங்கவே இல்லை. அட அல்லாவே, எங்கள்ள ஒருத்தரு தவறிட்டா மவுத்தாயிட்டாருன்னுல்ல சொல்லுவோம், போய்ச் சேந்தான்னா ஊரு போய்ச் சேந்தான்னுதானே அர்த்தம் என்று தலையில் கையை வைத்துக்கொண்டார். சோப்பு நுரை காய்ந்துபோயிருந்தது, அந்தக் கோலத்தில் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது, எனக்கும் வந்தது, பிறகு எங்களில் யாரோ சிரிக்க ஆரம்பித்து பதினேழு பேரும் தெருவில் நின்று பைத்தியம் பிடித்தவர்களைப் போலச் சிரித்தோம். உன் அம்மாவும் சவேரியம்மாளும் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதார்கள். முதலாளி மச்சான் வீட்டில் எல்லோருக்கும் சோறு போட்டுத்தான் விட்டார்கள், மூன்று நாளைக்குப் பிறகு எனக்குச் சோறு சோறாக ருசித்தது அன்றைக்குத்தான்.

மண்டபத்திலிருந்து பாம்பனுக்குக் கடல், ரயில் பாலத்தில் நடக்க விட மாட்டார்கள், அங்கே மட்டும் வத்தை ஏறலாம். ஆனால் ஏறினாலும் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் சவாரி ஆகிவிடும் என்று நம் ஊர்ப் பெண்கள் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். வத்தையில் பதினேழு பேர் நிமிர்ந்து நின்றால் என்ன ஆகும், நாற்பது வருடத் தண்டல் நான் கத்துகிறேன், ஒருத்தியும் கேட்கவில்லை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆடி ஆடி நின்றே வந்தார்கள். பாம்பன் வத்தைக்காரன் பயந்துபோய், நீரு தண்டல்ன்னா இந்தாரும் என்று சுக்கானை என் கையில் கொடுத்துவிட்டான். ஐந்து நாளில் என் கால் செய்த ஒரே ஒழுங்கான வேலை அதுதான். நீரோட்டம் இழுக்கிற இடத்தில் பாலத்தின் தூண்களைப் பார்த்தபடி, என் மகன் உயிரோடு இருக்கிறான் என்று வாய்விட்டுச் சொன்னேன். காற்றில் யார் காதிலும் விழவில்லை.

வேர்க்காட்டில் திருநாள் கூட்டத்தைச் சொல்லி முடியாது. எல்லா ஊர்ச் சனமும், எல்லா மதத்துச் சனமும், ஆடு கோழி மெழுகுதிரி உப்பு மிளகு என்று ஆளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் நானும் வரிசையில் நின்று சந்தியாகப்பர் முன்னால் போனேன். குதிரைமேல் இருந்தபடி என்னைப் பார்த்தார். எல்லோரும் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள், எனக்கு மட்டும் வாய் எழவில்லை. நான் கேட்டதைத்தான் அவர் கேட்கவில்லையே, பிறகு எதற்கு நன்றி சொல்வது. உப்பையும் மிளகையும் கொட்டிவிட்டு வெளியே வந்து மணலில் உட்கார்ந்தேன். சவேரியம்மாள் நொண்டிக்கொண்டே வந்து கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்தாள். அண்ணே, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், சொல்லாம ஊருக்கு வர முடியாது என்றாள். சொல் என்றேன். முள்ளு எடுத்தீகல்ல, அப்ப ஒரு ரயிலு போச்சுல்ல, அப்ப நான் கேட்டேன் அண்ணே, செத்தது ஒங்க பிள்ளையா இருக்கட்டும்னு கேட்டேன், எனக்கு அவன விட்டா வேற யாரு இருக்கா என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் என்ன செய்வேன், மகனே. நானும் அதையேதான் கேட்டேன், அதே ரயில் போனபோதுதான் கேட்டேன் என்று சொன்னேன். அவள் முந்தானையை எடுத்து என்னைப் பார்த்தாள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். நல்ல வேளண்ணே, நம்ம ரெண்டு பேரு பேச்சையும் அவரு காதுல வாங்கல என்றாள். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் எழுந்து மறுபடி உள்ளே போய் ஒழுங்காக நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

திரும்பும்போது நேர்ச்சை முடிந்துவிட்டதால் பாம்பனில் ரயில் ஏறி ராமநாதபுரம் வந்து பஸ் பிடித்து ஒரே நாளில் வீடு வந்துவிட்டோம், போகும்போது ஐந்து நாள் பார்த்த பனைமரத்தையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்து அம்மா ஒவ்வொன்றாகக் கையைக் காட்டிக்கொண்டு வந்தாள். மற்றபடி ஊரில் விசேஷம் ஒன்றும் இல்லை. நம் வத்தைக்கு அடிப்பலகை ஒன்று மாற்ற வேண்டும், கச்சான் ஓயட்டும் என்று காத்திருக்கிறேன். ரீத்தம்மா எட்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள், உனக்குத் தனியாகக் கடிதம் எழுத வேண்டும் என்று என் பேனாவுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள். குருநாதன் வந்து திக்கித் திணறி மன்னிப்புக் கேட்டான், ஒரு கூடை நெத்திலிக் கருவாடும் கொடுத்தான், அம்மா அவனைத் திட்டிக்கொண்டே கருவாட்டை வாங்கி வைத்தாள். நீ திரும்பக் கொழும்புக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். முதலாளி போகச் சொல்லி வற்புறுத்தவில்லை, இப்போதைக்கு அங்கேயே இரு, அல்லது ஊருக்கு வா, வருவதற்கான காகிதங்களைச் சரியாக வைத்துக்கொள், அவசரப்பட்டு யார் பேச்சையும் கேட்டுக் கள்ளத்தோணி ஏறாதே, நானே தண்டலாக இருந்து சொல்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. வெயிலில் வேலை செய்தால் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. தெருவில் சத்தம் கேட்டால் வேடிக்கை பார்க்கப் போகாதே.

சவேரியம்மாள் சொல்லச் சொல்ல அவள் மகனுக்கும் ஒரு கடிதம் எழுதி இதே உறையில் வைத்திருக்கிறேன், அவன் கையில் கொடு. அதில் ரயில் விஷயம் இல்லை. எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன், வேணாம் அண்ணே, பிள்ளைக ஒரே பாயில படுத்துக் கெடக்குதுக என்றாள். உனக்கு நான் எழுதுவது, யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு அது இறங்காது என்பதால். அவனிடம் சொல்லாதே. ஆனால் அவனோடு எதற்காவது மனஸ்தாபம் வந்தால் இதை நினைத்துக்கொள்.

இன்னும் ஒன்று. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அம்மா வந்து, இவ்வளவு நேரமா என்ன எழுதுறீக என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், நான் கேட்டதையும் சவேரியம்மாள் கேட்டதையும் சொன்னேன். ஏசுவாள் என்று பார்த்தேன், ஏசவில்லை. நீ எந்தச் சந்தியாகுவைக் கேட்டாய் என்று கேட்டேன். சந்தியாகுவக் காப்பாத்தும்னு பேரு மட்டுந்தான் சொன்னேன், எந்த வீடுன்னு சொல்ல வாய் வரல, பக்கத்துலயே அவளும் நடந்து வாராளே என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆகவே அன்பு மகனே, சந்தியாகப்பர் காதில் வாங்கியது உன் அம்மா கேட்டதைத்தான். உனக்கும் உன் பெயர்க்காரனுக்கும் சவேரியம்மாளையும் சேர்த்து எங்கள் மூன்று பேருடைய ஆசீர்வாதமும் என்றும் இருக்கும். கடைசியாக ஒரு ஞாபகம், இனி எங்கே போனாலும் போய்ச் சேர்ந்தேன், வந்து சேர்ந்தேன் என்று எழுதாதே, இந்த வீட்டில் அந்த வார்த்தையை எடுத்தால் அம்மா அடிக்க வருகிறாள். உயிரோடு இருக்கிறோம் என்று முதல் வரியில் எழுது. இருக்கிறேன் என்று எழுதாதே, இருக்கிறோம் என்று எழுது.

இப்படிக்கு,
உன் அய்யா,
சூ. மிக்கேல்